ஏலக்காய் வியாபாரத்துக்கு வேலைப்படம் வரைதல்: உருவம் வைப்பது, கோடு இணைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடியிலும் கம்பத்திலும் உள்ள ஏலக்காய்க் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் வேலை. மென்பொருளில் கை வைப்பதற்கு முன்னால், கடையில் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு படம் வரைந்து தரச் சொல்வேன். பச்சைக்காய் ஸ்டோருக்கு (காயை உலர்த்தும் இடம்) வந்து இறங்குவதிலிருந்து, ஏலத்தில் விற்ற பணம் கைக்கு வரும்வரை, யார் எதைச் செய்து யாரிடம் கொடுக்கிறார் என்பது அந்தப் படத்தில் இருக்க வேண்டும். வரைய உட்காருகிறவர்கள் கணக்கப்பிள்ளைகள், படிப்பு முடித்துக் கடைக்கு வந்த பிள்ளைகள், மலை மேல் ஸ்டோர் பார்த்துக்கொள்கிறவர்கள். குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பெட்டி, வட்டம், சாய்சதுரம் எல்லாவற்றையும் 'உருவம்' என்றும், அவற்றை இணைக்கும் அம்புகளைக் 'கோடு' என்றும் சொல்கிறேன்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

காசு செலவில்லாமல் பழக இரண்டு இருக்கின்றன. ஒன்று டிரா.ஐஓ. இது பிரவுசரிலேயே ஓடும், கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். இன்னொன்று கமுண்டா மாடலர். கடையில் ஏற்கெனவே விசியோ இருந்தால் அதிலும் வரையலாம், ஆனால் பிபிஎம்என் உருவங்கள் அதன் எல்லாப் பதிப்புகளிலும் கிடைக்காது.

புதிதாகப் பழகுகிறவருக்கு நான் சொல்வது கமுண்டா மாடலர்தான். டிரா.ஐஓ ஒரு வெள்ளைத் தாள் மாதிரி. தப்பான இடத்தில் கோடு போட்டாலும் வாங்கிக்கொள்ளும். கமுண்டா மாடலர் விதி தெரிந்த மென்பொருள். சேரக் கூடாத இரண்டு உருவங்களைச் சேர்க்கப் போனால் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். கற்கும் காலத்தில் அந்த மறுப்பு பெரிய உதவி.

பிபிஎம்என் என்கிறீர்களே, அது என்ன? சாதாரண ஃப்ளோசார்ட் போதாதா?

வேலை ஓட்டத்தை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை அது. முதல் பதிப்பு 2004-இல் வந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 2.0 பதிப்பை ஓஎம்ஜி என்ற தர அமைப்பு 2011-இல் வெளியிட்டது. 2013-இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது, எண் 19510.

ஒரே ஆள் ஒரே இடத்தில் செய்யும் வேலைக்கு ஃப்ளோசார்ட் போதும். நம் ஊர் வியாபாரம் அப்படி இல்லை. தோட்டம் மேலே, சரக்கு வைக்கும் கிட்டங்கி கீழே, ஏலம் புற்றடியிலும் போடியிலும். காய் கைமாறிக்கொண்டே இருக்கிறது. யார் கையிலிருந்து யார் கைக்கு என்பதைக் காட்ட சாதாரண ஃப்ளோசார்ட்டில் இடம் கிடையாது. பிபிஎம்என்னில் அதற்காகவே பூல், லேன் என்று இரண்டு உருவங்கள் உண்டு. பூல் என்பது வேலையை நடத்துகிற ஒருவருக்கான பெரிய கட்டம், லேன் என்பது அதற்குள் ஒவ்வொரு ஆளுக்கோ பிரிவுக்கோ ஒதுக்கிய பட்டை.

முதல் உருவத்தை எப்படி வைப்பது?

கமுண்டா மாடலரில் புதுப் படம் திறந்தாலே ஒரு மெல்லிய வட்டம் இருக்கும். அதுதான் தொடக்கம். அதைச் சொடுக்கினால் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் தோன்றும். அதில் பெட்டிப் படத்தைச் சொடுக்குங்கள். புதுப் பெட்டி கோட்டோடு சேர்ந்தே வந்து நிற்கும். பெட்டி தனியாக, கோடு தனியாக என்று இரண்டு வேலை செய்ய வேண்டியதில்லை.

டிரா.ஐஓவில் முதலில் இடப்பக்கம் கீழே 'மோர் ஷேப்ஸ்' போய் பிபிஎம்என் தொகுப்பை டிக் செய்யுங்கள். பிறகு உருவத்தை இழுத்துத் தாளில் போடலாம். வைத்த உருவத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் நாலு பக்கமும் வெளிர் நீல அம்புகள் தெரியும். அம்பைச் சொடுக்கினால் அடுத்த உருவம் கோட்டோடு வரும். விசியோவிலும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை எல்லாம் முதலில் அடுக்கிவிட்டு அப்புறம் கோடு போடலாம் என்று உட்காருகிறவர்கள் பாதியில் குழம்பிப் போகிறார்கள். ஒரு வேலை முடிந்ததும் அடுத்தது என்ன என்று யோசித்தபடியே ஒவ்வொன்றாக வளர்த்தால் விட்டுப்போன வேலை தானாகவே கண்ணில் படும்.

எந்த உருவம் எதற்கு?

வட்டம் என்றால் நிகழ்வு: ஏதோ ஒன்று நடந்தது, அல்லது நடக்கப் போகிறது. மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், இரட்டைக் கோட்டு வட்டம் இடையில் வரும் நிகழ்வு, தடித்த வட்டம் முடிவு. மூலை வளைந்த பெட்டி என்றால் ஒருவர் செய்யும் வேலை. சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் அல்லது சேரும் இடம்; அதன் பெயர் கேட்வே.

பெட்டியில் எழுதும்போது வேலையைச் சொல்லுங்கள். 'ஈரம்' என்று எழுதாதீர்கள், 'ஈரம் பார்த்தல்' என்று எழுதுங்கள். வட்டத்தில் நடந்து முடிந்ததை எழுதுங்கள்: 'பச்சைக்காய் வந்தது', 'பணம் வந்தது'. சாய்சதுரத்தின் மேல் கேள்வி: 'ஈரம் சரியா?' அதிலிருந்து வெளியே போகும் கோடுகளின் மேல் பதில்.

பெட்டியை நகர்த்தினால் கோடு பழைய இடத்திலேயே நிற்கிறது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கோடு பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பது போலக் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒட்டியிருக்காது. முனை காற்றில் நிற்கிறது. அச்செடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நகர்த்தும்போதுதான் வெளிப்படும்.

டிரா.ஐஓவில் கோட்டின் முனையை இழுத்துக்கொண்டு பெட்டிக்கு மேல் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். பெட்டியின் ஓரம் முழுக்க நீலமாக ஒளிர்ந்தால் மிதக்கும் ஒட்டு. ஓரத்தில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறி ஒன்று மட்டும் பச்சையாக ஒளிர்ந்தால் நிலையான ஒட்டு. மிதக்கும் ஒட்டில் பெட்டியை எங்கே கொண்டுபோனாலும் கோடு தனக்கு வசதியான பக்கத்துக்கு மாறிக்கொள்ளும். நிலையான ஒட்டில் அதே புள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒளிராமல் கையை எடுத்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

விசியோவிலும் இந்த இரண்டு வகை உண்டு. கோட்டு முனையைப் பெட்டியின் நடுவில் விட்டால் பெட்டியோடு ஒட்டும். ஓரத்துப் புள்ளியில் விட்டால் அந்தப் புள்ளியோடு ஒட்டும்.

எதைப் பயன்படுத்துவது? வரைந்து திருத்திக்கொண்டிருக்கும்வரை மிதக்கும் ஒட்டே போதும். கேட்வேக்கு மட்டும் நான் நிலையான ஒட்டு வைப்பேன். உள்ளே வருவது இடமுனையில், 'ஆம்' வலமுனையில், 'இல்லை' கீழ்முனையில் என்று எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருந்தால் படிப்பவர் கண்ணுக்குப் பழகிவிடும்.

ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி: பெட்டியைப் பிடித்து நன்றாக ஒரு ஆட்டு ஆட்டுங்கள், கோடுகள் கூடவே வருகிறதா பாருங்கள், பிறகு கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள். கமுண்டா மாடலரில் இந்தத் தொல்லையே கிடையாது. இரண்டு பக்கமும் உருவம் இல்லாமல் அது கோடு போட விடாது.

தோட்டம் கேரளத்தில், கடை தமிழ்நாட்டில். நடுவில் மாநில எல்லை. அப்படியானால் இரண்டு பூல் வரைய வேண்டுமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல ஆசை. நம் பகுதியில் வரையும் படங்களில் பாதித் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு வரைபடத்தில் விழுந்தது, பிழைப்பு அதற்கு முன்னால் எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. இன்றைக்கும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிறவர்கள் எத்தனையோ பேர். மலை மேல் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கீழே வீடும் கடையும் இருப்பது இங்கே சாதாரணம்.

பூல் என்பது நிலத்தின் எல்லையைக் காட்டுவது இல்லை. ஒரு வேலை ஓட்டத்தை யார் கட்டுப்படுத்துகிறார் என்பதைக் காட்டுவது. வண்டன்மேட்டில் உங்கள் ஸ்டோர், போடியில் உங்கள் கிட்டங்கி, இரண்டுக்கும் நீங்கள்தான் முதலாளி என்றால் ஒரே பூல் போதும். அதற்குள் 'ஸ்டோர்', 'கிட்டங்கி', 'கணக்கு' என்று மூன்று லேன். காய் மலையிறங்கி வருவதை ஸ்டோர் லேனிலிருந்து கிட்டங்கி லேனுக்குப் போகும் சாதாரணக் கோடாகவே போடலாம். லேனை விட்டு லேன் தாண்ட அம்புக்குத் தடை கிடையாது.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் பச்சைக்காய் வாங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. அவர் எப்போது காய் எடுப்பார், யாருக்குக் கொடுப்பார் என்பது அவர் முடிவு. அவர் உங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாலும் தனிப் பூல்தான்.

ஒரு சந்தேகம் வரும். ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரே ஆளின் இரண்டு மாநிலப் பதிவுகள் இரண்டு தனி நபர்களாகக் கருதப்படுகின்றனவே? உண்மைதான். அதனால் சொந்த ஸ்டோரிலிருந்து சொந்தக் கிட்டங்கிக்குச் சரக்கு அனுப்பினாலும் பில் போட வேண்டியிருக்கிறது. அந்த பில் போடுவதை ஒரு பெட்டியாக லேனில் வையுங்கள். அதற்காகப் பூலைப் பிளக்க வேண்டாம். பில் இரண்டானாலும் வேலையை நடத்துகிற மூளை ஒன்றுதான்.

ஒரு பூலிலிருந்து இன்னொரு பூலுக்குக் கோடு இழுத்தால் அது விட்டுவிட்டுப் போகும் கோடாக மாறிவிடுகிறது. பழுதா?

பழுது இல்லை. மென்பொருள் சரியாகத்தான் செய்கிறது.

முழுக்கோடு, நிரப்பிய அம்புமுனை: ஒரு பூலுக்குள் வேலை வரிசையைச் சொல்வது. அது பூல் எல்லையைத் தாண்டவே கூடாது. விட்டுவிட்டுப் போகும் கோடு, தொடக்கத்தில் சின்ன வட்டம், முடிவில் வெறும் அம்புமுனை: இது செய்திக்கோடு. இரண்டு பூல்களுக்கு நடுவில் மட்டும்தான் வரும், ஒரே பூலுக்குள் வரவே கூடாது. பொருளோ பணமோ கடிதமோ போன் பேச்சோ, வெளியாளிடம் போவது எல்லாமே செய்திக்கோடுதான்.

காரணம் எளிது. உங்கள் கிட்டங்கி ஆளுக்கு 'இதை முடித்துவிட்டு அதைச் செய்' என்று நீங்கள் சொல்லலாம். பக்கத்துத் தோட்டக்காரருக்கோ ஏல நிறுவனத்துக்கோ அப்படிச் சொல்ல முடியாது. செய்தி அனுப்பலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். கோட்டின் வகை இந்த உறவைத்தான் சொல்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மீதி எல்லாம் எளிது என்பது என் அனுபவம். அதனால்தான் வரையக் கற்றுக்கொடுக்கும்போது பெட்டியைவிடக் கோட்டைப் பற்றி அதிக நேரம் பேசுகிறேன்.

இ-வே பில் தளத்தை எங்கே வைப்பது?

தனிப் பூலாக, உள்ளே ஒன்றும் வரையாமல், பெயரை மட்டும் எழுதி மூடிய பட்டையாக வையுங்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்பது நம் கவலை இல்லை. மாநிலம் தாண்டும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் (வண்டியில் போகும் சரக்குக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) கட்டாயம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் எடுக்க வேண்டும். கணக்கு லேனில் 'இ-வே பில் எடுத்தல்' என்று ஒரு பெட்டி. அதிலிருந்து தளத்துக்கு ஒரு செய்திக்கோடு, தளத்திலிருந்து எண் திரும்பி வர ஒரு செய்திக்கோடு.

செய்திக்கோட்டைப் பெட்டியோடும் ஒட்டலாம், மூடிய பூலின் ஓரத்தோடும் ஒட்டலாம். கேட்வேயோடு ஒட்ட முடியாது.

ஒரு பெட்டியிலிருந்து இரண்டு மூன்று கோடு வெளியே போகலாமா?

போகலாம், ஆனால் அதன் பொருள் நீங்கள் நினைப்பது இல்லை. கேட்வே வைக்காமல் ஒரு பெட்டியிலிருந்து இரண்டு கோடு போட்டால் 'இரண்டையும் செய்' என்று பொருள். பெரும்பாலோர் 'இதில் ஏதாவது ஒன்று' என்று நினைத்துப் போடுகிறார்கள். அதனால் எப்போதும் கேட்வே வையுங்கள்.

பெருக்கல் குறி போட்ட சாய்சதுரம் என்றால் ஒரே ஒரு பாதை. 'ஈரம் சரியா?' என்று பார்க்கிறீர்கள். காய்ந்த காயில் ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சலிப்புக்கு (சல்லடையில் சலிப்பதற்கு) போகும், கூடுதலாக இருந்தால் மறுபடியும் ஸ்டோருக்குப் போகும். ஒரே காய் இரண்டு பக்கமும் போகாது.

கூட்டல் குறி போட்ட சாய்சதுரம் என்றால் எல்லாப் பாதையும். லாட் (ஏலத்துக்கு ஒன்றாக வைக்கும் சரக்கு) கட்டியதும் சாம்பிள் எடுக்க ஒருவர் போகிறார், லாட் புத்தகத்தில் எழுத இன்னொருவர் உட்காருகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். வட்டம் போட்ட சாய்சதுரம் என்றால் ஒன்றோ பலவோ. இதைத் தேவையில்லாமல் தொடாதீர்கள்.

பிரித்த பாதையைச் சேர்க்கும் இடத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கூட்டல் குறி சேரும் இடத்தில் இருந்தால், 'எல்லாக் கோடுகளிலிருந்தும் வந்து சேரும்வரை காத்திரு' என்று பொருள். பெருக்கல் குறியால் பிரித்ததைக் கூட்டல் குறியால் சேர்த்தால் என்ன ஆகும்? காய் ஒரு பாதையில்தான் வரும், கேட்வே இரண்டுக்கும் காத்திருக்கும். வேலை அங்கேயே நின்றுவிடும். மாறாக, கூட்டல் குறியால் பிரித்ததைப் பெருக்கல் குறியால் சேர்த்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வேலையும் இரண்டு தடவை நடக்கும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு கடைக்கு நான் வரைந்து கொடுத்த படத்தில் ஈரச் சோதனைக்குப் பிறகு சேரும் இடத்தில் கவனக்குறைவாகக் கூட்டல் குறி வைத்துவிட்டேன். படத்தை அப்படியே பார்த்து மென்பொருள் எழுதினார்கள். மறுநாள் காலையில் போன் வந்தது. 'அண்ணே, ஏலத்துக்கு லாட் கொடுக்கணும், திரையில நேத்துலேர்ந்து காத்திருக்குன்னே காட்டுது' என்றார் கணக்கு பார்க்கும் தம்பி. காய் தயாராகக் கிட்டங்கியில் கிடந்தது, அடுத்த வேலைக்குப் போக மென்பொருள் விடவில்லை. அந்த வார ஏலத்தை அவர்கள் தவறவிட்டார்கள். அந்தக் கடைக்காரரின் பண நெருக்கடி எனக்குத் தெரியும். இன்றைக்கும் சேரும் கேட்வேயை வைக்கும்போது அந்தக் குரல் காதில் கேட்கிறது. பிரித்த குறியாலேயே சேர்ப்பது என்ற வழக்கத்தை அன்றிலிருந்து விடவே இல்லை.

இரண்டு கோடுகளை நேரடியாக ஒரு பெட்டிக்குள் விடலாமா?

பெருக்கல் குறியால் பிரிந்தவை என்றால் விடலாம், ஏதாவது ஒன்றுதான் வரும். கூட்டல் குறியால் பிரிந்தவை என்றால் கூடாது. பெட்டி காத்திருக்காது, வரும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை வேலையைச் செய்யும்.

விற்ற பணத்துக்காகக் காத்திருப்பதை எப்படி வரைவது?

'காத்திருத்தல்' என்று பெட்டி வரைய வேண்டாம். காத்திருப்பது யாரும் கை வைத்துச் செய்யும் வேலை இல்லை. ஐந்துகோணம் போட்ட சாய்சதுரம் ஒன்று உண்டு. எது முதலில் நடக்கிறதோ அந்தப் பாதையில் போவது. அதிலிருந்து இரண்டு கோடு இழுத்து, ஒன்றின் முனையில் உறைப் படம் போட்ட இரட்டை வட்டத்தையும் ('பணம் வந்தது'), இன்னொன்றில் கடிகாரம் போட்ட இரட்டை வட்டத்தையும் ('கெடு முடிந்தது') வையுங்கள். பணம் வந்தால் கணக்கில் வரவு. கெடு முடிந்தால் ஏல நிறுவனத்துக்கு நினைவூட்டு. இந்த கேட்வேக்கு அடுத்து இப்படிப்பட்ட நிகழ்வுதான் வர வேண்டும், சாதாரணப் பெட்டி வரக் கூடாது.

கடிகார வட்டத்தைப் பெட்டியின் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அது என்ன?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதைக் காட்டுவது. வட்டத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் ஓரக் கோட்டின் மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்த வட்டத்திலிருந்து கோடு வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது.

ஒரு உதாரணம். 'சரக்கை மலையிறக்குதல்' என்ற பெட்டி. இ-வே பில் 200 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு நாள் செல்லும். மலையிலிருந்து போடிக்கு அது தாராளம். ஆனால் மழைக்காலத்தில் போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டால்? பெட்டியின் ஓரத்தில் கடிகார வட்டம் வையுங்கள். அதிலிருந்து 'இ-வே பில் நீட்டித்தல்' பெட்டிக்குக் கோடு. காலாவதிக்கு முன் 8 மணி நேரமும் பின் 8 மணி நேரமும் நீட்டிக்க அனுமதி உண்டு. வண்டி கிளம்பிய வேலை நிற்கப் போவதில்லை, அதனால் வட்டத்தின் கோடு விட்டுவிட்டு இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முழுக்கோட்டு வட்டம் வைத்தால் பெட்டியின் வேலையே ரத்து என்று பொருளாகிவிடும்.

இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒன்றைச் செருக வேண்டும். கோட்டை அழிக்கணுமா?

வேண்டாம். புதுப் பெட்டியை இழுத்து அந்தக் கோட்டின் மேலேயே போடுங்கள். கோடு தானாக இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். நான் சொன்ன மூன்று மென்பொருளிலும் இது நடக்கும். இடம் போதவில்லை என்றால் கமுண்டா மாடலரில் 'எஸ்' விசையை அழுத்தி, தாளைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் அதற்கு அப்பால் இருப்பது எல்லாம் நகரும்.

வைத்த பெட்டியின் வகையை மாற்றலாமா?

அழித்துவிட்டு மறுபடி வைக்காதீர்கள், கோடுகள் போய்விடும். கமுண்டா மாடலரில் பெட்டியைச் சொடுக்கி ஸ்பானர் படத்தைத் தொட்டால் வகைப் பட்டியல் வரும். கையால் மட்டும் செய்யும் வேலைக்குக் கைப் படம் (சலிப்பு, மூட்டை கட்டுதல்), கணினியில் உட்கார்ந்து செய்வதற்கு ஆள் படம், ஆள் இல்லாமல் மென்பொருள் தானே செய்வதற்குப் பல்சக்கரப் படம். சலிப்பு பெட்டிக்குப் பல்சக்கரம் போட்டு ஒருவர் அனுப்பியிருந்தார். சலிக்கும் இயந்திரம் ஓடுகிறதே என்பது அவர் கணக்கு. பல்சக்கரம் கணினி நிரலுக்கு மட்டும்தான்.

சாம்பிள், லாட் புத்தகம், பில் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது?

ஓரம் மடித்த தாள் உருவம் பில்லுக்கும் லாட் சீட்டுக்கும். உருளை உருவம் நாள்பட வைத்திருக்கும் பதிவுக்கு, அதாவது லாட் புத்தகத்துக்கும் கணக்குத் தரவுக்கும். இவற்றை இணைப்பது புள்ளிக்கோடு. பெட்டியிலிருந்து தாளுக்கு அம்பு என்றால் எழுதுகிறது, தாளிலிருந்து பெட்டிக்கு அம்பு என்றால் படிக்கிறது. வேலை வரிசைக் கோட்டை ஒருபோதும் தாள் வழியாகக் கொண்டுபோகாதீர்கள்.

கவனிக்க வேண்டியது, ஏலக்காய் இங்கே தரவு இல்லை. சிலர் காயையே தாள் உருவமாக வரைந்து '8 மி.மீ. காய்', '7 மி.மீ. காய்' என்று எழுதிவிடுகிறார்கள். தரம் பிரித்த விவரம் எழுதிய சீட்டு வேண்டுமானால் தாளாகலாம்.

கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று பின்னிக்கொண்டு படிக்கவே முடியவில்லை.

படம் இடமிருந்து வலமாக ஓடட்டும். திரும்பி வரும் கோடுகளை (மறு உலர்த்தல் மாதிரி) பெட்டி வரிசைக்குக் கீழே வளைத்துக் கொண்டுபோங்கள். லேன்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள். அடிக்கடி பேசிக்கொள்ளும் இருவரின் லேன் அடுத்தடுத்து இருந்தால் பாதிக் குறுக்குக் கோடு குறையும். ஸ்டோருக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் 'முதலாளி' லேனை வைத்திருந்த ஒரு படத்தில், அதை மேலே தூக்கி வைத்ததும் பெரும்பாலான சிக்கல் தீர்ந்தது.

டிரா.ஐஓவில் கோடு கண்டபடி வளைந்திருந்தால் வலது சொடுக்கில் 'கிளியர் வேபாயின்ட்ஸ்' கொடுத்தால் நேராகும். கடப்பதைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் அதே மென்பொருளில் கோட்டுக்குச் சின்னப் பாலம் போடும் வசதியும் இருக்கிறது.

படம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

பச்சைக்காயை உலர்த்தும் வேலை மட்டுமே ஏழெட்டுப் பெட்டி வரும்: எடை போடுதல், கழுவுதல், தட்டில் பரப்புதல், சூடு பார்த்தல், காம்பு போகத் தேய்த்தல் என்று. இதை 'உலர்த்தல்' என்ற ஒரு பெட்டிக்குள் மூடிவிடுங்கள். அடியில் சின்னக் கூட்டல் குறி இருக்கும் பெட்டி அது. துணை ஓட்டம் என்று பொருள். உள்ளே தனித் தொடக்க வட்டம், தனி முடிவு வட்டம் வேண்டும். வெளியிலிருந்து வரும் கோடு பெட்டியின் ஓரத்தில்தான் ஒட்ட வேண்டும். ஓரத்தைத் துளைத்து உள்ளே இருக்கும் பெட்டிக்குப் போகக் கூடாது.

தமிழில் எழுதலாமா? மலையாளத்திலும் வேண்டுமே.

தாராளமாக எழுதலாம். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துரு வகைகளில் தட்டச்சு செய்தால் வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நல்லது. எஸ்விஜியாக (இன்னொரு படக் கோப்பு வகை) அனுப்பினால் திறக்கும் கணினியில் உள்ள எழுத்துருவில் காட்டும், அப்போது எழுத்துப் பெட்டியைத் தாண்டி வழியும்.

தமிழ்ச் சொல் நீளம். அதனால் பெட்டியை அகலமாக வைத்து, இரண்டு அல்லது மூன்று சொல்லோடு நிறுத்துங்கள். மேலே ஸ்டோரில் மலையாளம் மட்டும் படிக்கும் சேட்டன்மார் இருந்தால் ஒரே பெட்டியில் இரண்டு மொழியைத் திணிக்காதீர்கள். படத்தை நகல் எடுத்து, உருவமும் கோடும் அப்படியே இருக்க, எழுத்தை மட்டும் மாற்றுங்கள். திருத்தம் வரும்போது இரண்டையும் ஒன்றாகத் திருத்த வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

ஒன்றில் வரைந்ததை இன்னொன்றில் திறக்க முடியுமா?

கமுண்டா மாடலர் சேமிக்கும் பிபிஎம்என் கோப்பு பொதுத் தரத்தில் இருக்கும் எக்ஸ்எம்எல். அந்தத் தரத்தை ஏற்கும் மற்ற மென்பொருள்களில் திறக்கலாம். டிரா.ஐஓவின் சொந்தக் கோப்பு அப்படி இல்லை. அதில் கோடு வெறும் கோடுதான், அது செய்தியா வரிசையா என்ற பொருள் கோப்பில் இருக்காது. படத்தைப் பிற்பாடு மென்பொருளாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே கமுண்டா மாடலரில் வரைந்துவிடுங்கள்.

வரைந்தது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அச்செடுத்து மேசையில் விரியுங்கள். ஒரு ஏலக்காயைத் தொடக்க வட்டத்தில் வையுங்கள். கோடு போகும் வழியே ஒவ்வொரு பெட்டியாக நகர்த்துங்கள். கூட்டல் குறி வந்தால் எத்தனை கோடு வெளியே போகிறதோ அத்தனை காய் வையுங்கள். சேரும் இடத்தில் எல்லாக் காயும் வந்துவிட்டதா என்று பார்த்து ஒன்றாக்குங்கள். எங்கேயாவது ஒரு காய் நின்றுபோனால் அங்கே கோடு தப்பு. முடிவு வட்டத்துக்கு இரண்டு காய் வந்து சேர்ந்தாலும் தப்பு.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். சலிப்பில் உட்காரும் அக்காவையும், வண்டி ஓட்டும் அண்ணனையும், கணக்கு எழுதுகிறவரையும் கூப்பிட்டு மேசையைச் சுற்றி நிற்க வையுங்கள். அவரவர் லேனுக்குக் காய் வரும்போது அவரவரே நகர்த்தட்டும். போன மாதம் கம்பத்தில் ஒரு கடையில் இப்படிச் செய்தபோது, காய் 'தரம் பிரித்தல்' பெட்டியில் இருந்து 'மூட்டை கட்டுதல்' பெட்டிக்குப் போகையில் சலிப்பு அக்கா கையை வைத்துத் தடுத்தார். 'நடுவுல நான் ஒரு தடவ பூச்சிக்காய் பொறுக்குவேன் தம்பி, அத எங்க காணோம்?' என்றார். இருபது வருடமாக அவர் செய்துவரும் வேலை அது. முதலாளிக்கே தெரிந்திருக்கவில்லை. அந்தக் கோட்டின் மேல் ஒரு பெட்டியைப் போட்டோம்.